இடது ஒரு வீடு, வலது ஒரு வீடு

முப்பத்தாறும் ஜோடி சேர்ந்து நின்றன.

நகுமோ மினோரி தேநீர்க் குவளையோடு நடைபாதை முனையிலேயே நின்றுவிட்டாள். எட்டரை மணிக்கு அவள் தன் கையால் வைத்துவிட்டுப் போனது இப்படியல்ல. முதல் மாடலுக்கு இடது காலில் மீன் ஏலக்காரரின் வெள்ளை ரப்பர் பூட்ஸ், வலது காலில் நர்ஸம்மாவின் துணி ஷூ. இரண்டாவது மாடலுக்கு இடதில் முடிதிருத்தும் கடைக்கார அம்மாவின் சிவப்பு ஷூ, வலதில் டாக்சி ஓட்டுகிறவரின் கறுப்புத் தோல் ஷூ. இப்படிப் பதினெட்டு மாடல்களுக்கும் இடது ஒரு வீடு, வலது ஒரு வீடு என்று மரப்பலகை மேல் பரப்பியிருந்தாள். இப்போது மணி ஒன்பது பத்து. பூட்ஸ் பூட்ஸோடு போய்ச் சேர்ந்துவிட்டது, சிவப்பு சிவப்போடு போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாம் குதிகால் ஒட்டி, மூக்கு வாசலைப் பார்க்க நின்றன. அளவெடுத்து வைத்தாலும் இவ்வளவு நேராக வராது.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?" என்று வாய்விட்டே கேட்டாள். பதில் சொல்ல அங்கே ஆளில்லை.

ஷோ பகல் இரண்டு மணிக்கு. ஒத்திகை பத்துக்கு. நேரம் இருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாள். கோபம் வந்ததுதான். ஆனால் பாதி பிரிப்பதற்குள் கோபம் போய் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. யார் செய்திருப்பார்கள்? கெடுக்க நினைத்தவர் எதற்கு இத்தனை அக்கறையாகக் கெடுக்க வேண்டும்? இது தெரியாமல் இன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்காது போலிருந்தது அவளுக்கு.

ஃபேஷன் ஷோவுக்கும் மீன் ஏலக்காரரின் பூட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மினோரி நகோயாவில் ஸ்டைலிங் படிக்கிறாள், கடைசி வருடம். படிப்பு முடிகிற ஷோவுக்கு உடை தைப்பது டிசைன் வகுப்பைச் சேர்ந்த ஆறு பேர், ஆளுக்கு மூன்று. அதை யார் போடுவது, எந்த வரிசையில் வருவது, எந்த வேகத்தில் நடப்பது, தலைமுடி எப்படி, காலில் என்ன, விளக்கும் பாட்டும் எப்போது, இவ்வளவும் மினோரியின் தலையில். ஷோவை நடத்துகிறவள் அவள்தான். ஆனால் டிசைனர் தைத்த உடையில் ஒரு பொத்தானைக்கூட அவள் தொடக்கூடாது. அது பள்ளியின் சட்டம்.

இடம் கிடைத்தது இசோமி என்கிற கடலோர ஊரில், பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். ஊர் அலுவலகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. வெளியில் போட்டு நடக்கிற எதுவும் அந்த மரத் தரையில் படக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் வாசலில் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பச்சை ஸ்லிப்பரை மாட்டிக்கொள்ள வேண்டும். டிசைனர்கள் ஆறு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மாடல்களும் பச்சை ஸ்லிப்பரில்தான் நடப்பார்களா என்று செகாவா கேட்டான். செகாவா அந்த ஆறு பேரில் ஒருவன், நல்ல கைக்காரன், நாக்கு மட்டும் நீளம்.

அப்போதுதான் மினோரிக்கு அந்த யோசனை வந்தது. இசோமியில் வீடு வீடாகக் கைமாறிப் போகிற தகவல் அட்டை ஒன்று உண்டு, குப்பை எடுக்கிற நாளும் மருத்துவ முகாமும் எழுதியிருக்கும். அதில் அவள் நான்கு வரி எழுதிச் சேர்த்தாள். உங்கள் வீட்டில் தினமும் போடுகிற ஒரு ஜோடியை இரண்டு நாளைக்குக் கொடுங்கள், புதியது வேண்டாம், தேய்ந்ததே வேண்டும். பதினெட்டு வீட்டிலிருந்து வந்தது. ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்து, தேய்ந்த அடி தரையில் படாதபடி காகித டேப் ஒட்டி, பெரிதாக இருந்தால் முனையில் பஞ்சு திணித்து, பிறகு ஜோடியைப் பிரித்தாள். மீன்காரரின் இடது பூட்ஸ் முதல் மாடலோடு போகும். வலது பூட்ஸ் பதினோராவது மாடலோடுதான் வரும்.

செகாவா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "டைரக்டரம்மா, மூணு மாசம் கையால தைச்ச கோட்டு அது. அதுக்குக் கீழ மீன் செதில் ஒட்டின பூட்ஸா?" என்றான். செதிலெல்லாம் கழுவிவிட்டேன் என்று மட்டும் மினோரி சொன்னாள்.

அவள் இதில் இவ்வளவு பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருந்தது. டோக்கியோவில் டோனோமுரா என்று ஒரு ஸ்டைலிஸ்ட் அம்மா, ஐம்பது வயதிருக்கும், எப்போதும் கறுப்பு உடைதான். வருடத்துக்கு ஒரே ஒரு உதவியாளரை எடுப்பார், அதுவும் மாணவர் ஷோவைப் பார்த்துத்தான் எடுப்பார். நவம்பரில் பள்ளிக்கு வந்து எல்லாருடைய படத் தொகுப்பையும் புரட்டினார். மினோரியுடையதை மட்டும் மெதுவாகப் புரட்டினார். மூடி வைத்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப நேர்த்தியா அடுக்கியிருக்கே. இதுல நீ எங்கம்மா இருக்கே?"

அன்றிலிருந்து மூன்று மாதமாக அந்தக் கேள்வி அவள் கூடவே பல் தேய்த்தது, ரயில் ஏறியது. இன்று சனிக்கிழமை. டோனோமுரா இன்று இரண்டு மணி ஷோவுக்கு வருகிறார். டொயோஹாஷியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாடகை உடைப் பிரிவில் அவளுக்கு வேலை தயாராக இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளை கவுன்களை அளவு வாரியாக அடுக்கி வைக்கிற வேலை. அவளுக்கு அது நன்றாக வரும். நன்றாக வந்துவிடும் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆக, அந்த முப்பத்தாறும் ஜோடி சேராமல் மேடைக்குப் போயாக வேண்டும்.

முதல் சந்தேகம் செகாவா மேல்தான் போகும், போனது. அறையில் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவனைப் போய்க் கேட்டாள். அவன் ஆவிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "உன்னைக் கெடுக்கணும்னா எல்லாத்தையும் தூக்கி கிணத்துல போட்டிருப்பேன். உக்காந்து ஜோடி சேர்த்து அழகு பாத்துக்கிட்டா இருப்பேன்?" என்றான். அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்து, கூடத்தின் சாவி வைத்திருக்கிற குவாபாரா அத்தை. அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்தவர், பள்ளி மூடியும் சாவியை விடாதவர், ஊரே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். அத்தை பதறிப்போய்விட்டார். அடுத்தவர் சாமானை நான் ஏன் தொடப்போகிறேன், காலையிலிருந்து வெந்நீர் போடவே நேரமில்லை என்று இரண்டு தடவை குனிந்து மன்னிப்பும் கேட்டார். கேட்டதற்கு மினோரிக்கே வெட்கமாகப் போயிற்று. தலை பின்னிக்கொண்டிருந்த மாடல் பெண் ஒருத்தி, மூடின பள்ளிக்கூடம் என்றால் ஒரு பேயாவது இருக்குமே என்றாள். இருந்தால் அது ஒழுங்காக வளர்ந்த பேய் என்று இன்னொருத்தி சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. மினோரி மட்டும் அதையும் மனதில் குறித்துக்கொண்டாள், சும்மா ஒதுக்கிவிட அவளால் முடியாது.

ஒத்திகைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து பார்த்தால், ஆறு ஜோடி மறுபடி சேர்ந்திருந்தது. அவசர அவசரமாகப் பிரித்து மாடல்களின் காலில் மாட்டினாள். ஒத்திகை முடிந்ததும் பழையபடி நடைபாதையில் பரப்பி, 'தயவுசெய்து தொடாதீர்கள், இது இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு விளக்குக்காரரிடம் பேசப் போனாள். அரை மணி கழித்துத் திரும்பினால் ஜோடிகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. அதுகூடப் பரவாயில்லை. அவசரத்தில் அவள் கோணலாக ஒட்டிய அறிவிப்பையும் யாரோ எடுத்து, நான்கு மூலைக்கும் டேப் போட்டு நேராக ஒட்டியிருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் மினோரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மணி பதினொன்று இருபது. ஒரு ஷோ டைரக்டருக்கு அந்த நேரத்தில் ஆயிரம் வேலை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? மறுபடி ஒருமுறை முழுக்கப் பிரித்து வைத்துவிட்டு, நடைபாதை ஓரம் கிடந்த பிள்ளைகள் உடற்பயிற்சிக்குத் தாண்டிக் குதிக்கிற மரப்பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பெட்டியின் பக்கவாட்டில் கை விட்டுத் தூக்குவதற்கு ஒரு துவாரம் இருந்தது. அதில் கண்ணை வைத்தாள்.

முதலில் வந்தவன் செகாவா. தோளில் மூன்று உடை, கையில் இஸ்திரிப் பெட்டி, வாயில் குண்டூசி. ஷூக்களைக் கண்டுகொள்ளாமல்தான் போனான். போகிற போக்கில் அவன் கால் மட்டும் கொஞ்சம் விலகி, தனியாகக் கிடந்த சிவப்பு ஷூவை இன்னொரு சிவப்பின் பக்கம் தள்ளி, நுனியால் நேராக்கிவிட்டுப் போயிற்று. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தன் கால் செய்தது அவனுக்கே தெரியாது.

பிறகு சாப்பாட்டுப் பெட்டிகள் கொண்டுவந்த கடைக்காரர். முப்பது பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார், மூச்சு வாங்கினார், நர்ஸம்மாவின் ஷூ இரண்டையும் தேடி எடுத்து ஒட்டி வைத்தார், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார். பேய்க் கதை சொன்ன பெண் வந்தாள். மரச் செருப்பு ஒன்றில் கால் இடறி, "ஐயோ, சாரி" என்று செருப்பிடமே சொல்லி, அதன் ஜோடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். விளக்குக்காரர் வந்தார், ஒரு ஜோடி. வகுப்பு ஆசிரியை போனில் பேசிக்கொண்டே வந்தார், காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு இரண்டு ஜோடி. கடைசியில் குவாபாரா அத்தை வெந்நீர்க் கெட்டிலோடு வந்தார். அறிவிப்பைப் படித்தார். நன்றாகத் தலையாட்டினார். பிறகு கெட்டிலைக் கீழே வைத்து, முட்டி போட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மிச்சம் இருந்ததில் பாதியைச் சேர்த்துவிட்டு எழுந்து போனார். காலையில் தொடவே இல்லை என்று சொன்னாரே, அதில் ஒரு துளி பொய் இல்லை.

மினோரி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். திருடன் ஒருத்தன் இல்லை. ஊரே திருடன். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து வாசலில் கழற்றினால் திருப்பி வை, நேராக வை என்று கேட்டு வளர்ந்த கை. கண் படித்த அறிவிப்பு அந்தக் கைவரை போய்ச் சேரவில்லை.

பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, இனிமேல் இதை எங்கே பத்திரப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். நடைபாதைக் கதவோரம், காலையில் அவள் அவசரத்தில் உதறிவிட்டுப் போன அவளுடைய சொந்த ஷூ கிடந்தது, ஒன்று கவிழ்ந்து, ஒன்று கதவைப் பார்த்து. நடந்துகொண்டே குனிந்தாள், இரண்டையும் சேர்த்தாள், மூக்கைத் திருப்பி வாசல் பக்கம் வைத்தாள். நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

பத்திரப்படுத்த வழி எளிதாகவே கிடைத்தது. பள்ளி வாசலில் பிள்ளைகள் ஷூ வைக்கிற குட்டி மர அறைகள் இருந்தன, பெயர் ஒட்டின காகிதம்கூட உரியாமல். அறைக்கு ஒன்று என்று முப்பத்தாறையும் தனித்தனியே வைத்துக் கதவை மூடினாள். கண்ணுக்குத் தெரியாததை யாரும் நேராக்க மாட்டார்கள். முதலிலேயே செய்திருக்கலாம். ஆனால் செய்திருந்தால் மரப்பெட்டித் துவாரம் வழியாகப் பார்த்ததைப் பார்த்திருக்க மாட்டாள், அது இப்போது அவளைச் சும்மா விடவில்லை. பின்னால் இருப்பவர்கள் கை இப்படியென்றால், முன்னால் உட்காரப் போகிற நூற்று நாற்பது பேர் கை எப்படி?

பன்னிரண்டரைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, ஷோவின் முடிவை மாற்றுகிறேன் என்றாள். வழக்கமாகக் கடைசியில் எல்லா மாடலும் வரிசையாக வந்து சுற்றிப் போவார்கள், டிசைனர்கள் வந்து வணங்குவார்கள், விளக்கு அணையும். இப்போது, கடைசிச் சுற்றில் எல்லாரும் நின்று, காலில் இருப்பதைக் கழற்றி, விழுந்த இடத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். விளக்கு அணையாது.

"அப்புறம்?" என்றான் செகாவா.

"அப்புறம் என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

"பாக்கணுமா? நாங்க வந்து வணங்கற இடத்துல பழைய செருப்பு குப்பையாக் கிடக்கும், அந்த டோக்கியோ அம்மா முன்வரிசையில உக்காந்திருப்பாங்க, உனக்கு என்ன ஆகும்னே தெரியாது. அப்படித்தானே?"

"தெரிஞ்சா எதுக்குப் பாக்கணும்?"

"ஒண்ணும் ஆகலேன்னா?"

"நானே போய் ஒவ்வொண்ணாப் பொறுக்கறேன். அவங்க முன்னாடியே." செகாவா, பொறுக்க வேண்டியிருந்தால் பாதியை நான் பொறுக்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தேடிப் போனான். அவனும் மனிதன்தான்.

அதைவிடப் பெரிய பாடு மாடல்களோடு. கழற்றிவிட்டு அப்படியே போங்கள் என்றால் ஒருத்திக்கும் முடியவில்லை. கழற்றுவார்கள், இரண்டடி வைப்பார்கள், திரும்பிக் குனிவார்கள். ஒருத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள், கால் கட்டைவிரல் போய் நேராக்கியது. ஐந்தாவது தடவைதான் ஒரு பூட்ஸ் உருப்படியாகக் கவிழ்ந்து கிடந்தது. அதைக் கவிழ்த்தவளுக்கு எல்லாரும் கை தட்டினார்கள்.

இரண்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நூற்று நாற்பது பேர், நூற்று நாற்பது ஜோடி பச்சை ஸ்லிப்பர். மேடை என்று தனியாக இல்லை, இருபக்கமும் நாற்காலி போட்டு நடுவில் வெள்ளை டேப் ஒட்டி வழி பிரித்திருந்தது. முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் டோனோமுரா, கறுப்பு உடைக்குக் கீழே பச்சை ஸ்லிப்பர், கையில் காகிதம் பேனா எதுவும் இல்லை. ஆரம்பிக்கும் முன் அறிவிப்பு வந்தது. பார்வையாளர்கள் தயவுசெய்து தரையில் ஒட்டிய வெள்ளைக் கோட்டுக்குள் கால் வைக்க வேண்டாம்.

திரைக்குப் பின்னால் நின்ற மினோரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த அறிவிப்பை நேற்று எழுதிக் கொடுத்தவள் அவளேதான். முடிவை மாற்றியவள் இதை மாற்ற மறந்துவிட்டாள். இந்த ஊரில் கால் வைக்காதே என்று ஒருமுறை சொல்லிவிட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடே எரிந்தாலும் முதலில் அனுமதி கேட்பார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது, பாட்டு தொடங்கிவிட்டது.

முதலில் செகாவாவின் நீளக் கோட்டு வந்தது. இடதில் ரப்பர் பூட்ஸ் தொப்பென்று விழ, வலதில் துணி ஷூ சத்தமில்லாமல் விழுந்தது. தொப், சத்தமில்லை, தொப், சத்தமில்லை. நான்காவது வரிசையில் மீன் ஏலக்காரர் பக்கத்து ஆளின் தொடையைத் தட்டி, அது என்னுடையது என்றார். உடனே அவருக்கு அடுத்த கவலை வந்தது, இன்னொன்று எங்கே? அந்தக் கவலை கூடம் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு மாடல் வரும்போதும் நூற்று நாற்பது தலையும் கீழே போயிற்று, யார் வீட்டது என்று தேடியது, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது, பிறகு மெல்ல மேலே வந்து, இதை யார்தான் போட்டிருக்கிறார்கள் என்று உடையைப் பார்த்தது.

செகாவா திரை இடுக்கில் கண்ணை வைத்து, "எல்லாரும் காலையே பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப மேல பாக்கறாங்க" என்றான். அதற்குப் பிறகு அவன் குறை சொல்லவில்லை.

பதினோராவது ஆளோடு வலது பூட்ஸ் வந்தபோது ஏலக்காரர் தன்னை மறந்து ஒற்றை ஆளாகக் கை தட்டிவிட்டார். தட்டிவிட்டு வெட்கத்தில் கையை முட்டிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். கூடம் சிரித்தது. டோனோமுரா மட்டும் சிரிக்கவில்லை, திரும்பி அவரை ஒருதரம் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

பிறகு கடைசிச் சுற்று. பதினெட்டு பேரும் வந்து நின்றார்கள், கழற்றினார்கள், திரும்பிப் பார்க்காமல் வெறுங்காலோடு போனார்கள். நல்ல பிள்ளைகள், ஒருத்திகூடக் குனியவில்லை. பாட்டு நின்றது. விளக்கு அப்படியே எரிந்தது. வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே முப்பத்தாறும் தாறுமாறாகக் கிடந்தன.

யாரும் அசையவில்லை.

மினோரி மூச்சை எண்ண ஆரம்பித்தாள். ஐந்து. எல்லார் கண்ணும் கீழே கிடந்ததன் மேல்தான் இருந்தது, எல்லார் கையும் முட்டி மேல் இறுகியிருந்தது. முடிதிருத்தும் கடைக்கார அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். டேப்பைப் பார்த்தார், பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார். பத்து. யாரோ இருமினார்கள். டாக்சிக்காரர் பாதி எழுந்து, பக்கத்தில் யாரும் எழவில்லை என்று கண்டு உட்கார்ந்தார். பதினைந்து. போதும் என்று மினோரி நினைத்தாள். பின்னால் செகாவா, "வா, பொறுக்கலாம்" என்றான், கேலியில்லாமல். அவள் திரையை விலக்கக் கையை வைத்தாள்.

அப்போது முன்வரிசையில் ஒரு கை நீண்டது.

ஒரு பூட்ஸ் உருண்டு டோனோமுராவின் நாற்காலிக்கு நேராக, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே பக்கவாட்டில் கிடந்தது. அவர் எழவில்லை. கோட்டுக்குள் கால் வைக்கவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே சாய்ந்து, அந்தப் பூட்ஸைப் பிடித்து நிமிர்த்தி, மூக்கை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். கை மடிக்குத் திரும்பின பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கையையே பார்த்தார். பிறகு தலையைத் தூக்கித் திரைப் பக்கம் பார்த்தார்.

நான்காவது வரிசையில் ஏலக்காரர் துள்ளி எழுந்தார். "அடடா, மன்னிக்கணும், அது என்னுது, நீங்க எதுக்கு," என்று குனிந்து குனிந்து முன்னால் வந்தார். வந்த வேகத்தில் கோட்டைத் தாண்டியும்விட்டார், இன்னொரு பூட்ஸ் அந்தக் கோடியில் கிடந்தது. அவ்வளவுதான். ஒருத்தர் போய்விட்டால் பிறகு யாரைப் பிடித்து வைக்க முடியும்? நர்ஸம்மா எழுந்தார், டாக்சிக்காரர் எழுந்தார், முடிதிருத்தும் கடைக்கார அம்மா தன் சிவப்பு ஷூவை விட்டுவிட்டு முதலில் பக்கத்து வீட்டுக்காரருடையதைத் தேடினார். ஷூவே கொடுக்காதவர்கள்கூட இறங்கினார்கள். பச்சை ஸ்லிப்பர்களோடு ஊரே தரையில் குந்தி, இது உங்களுடையதா, வலது அங்கே இருக்கிறது, இந்தப் பெண் இதைப் போட்டுக்கொண்டு எப்படித்தான் நடந்தாளோ என்று பேசிக்கொண்டிருந்தது. கூடத்தின் ஓரத்தில் நின்ற குவாபாரா அத்தை ஒன்றையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு, பார்த்தாயா, நான் தொடவில்லை என்கிற மாதிரி திரைப் பக்கம் தலையசைத்தார்.

மூன்று நிமிடத்தில் பதினெட்டு ஜோடியும் வெள்ளைக் கோட்டோரம் வரிசையாக நின்றன. நிமிர்ந்து பார்த்தவர்கள், தாங்கள் நடுமேடையில், முழு வெளிச்சத்தில் நிற்பதைக் கண்டார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, பிறகு நிற்கவில்லை. டிசைனர்கள் ஆறு பேரும் வணங்க வந்தபோது வணங்க இடமில்லை, கூட்டத்துக்கு நடுவே நின்று வணங்கினார்கள். மினோரி வெளியே போகவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், அது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் கலைகிற நேரம் டோனோமுரா வாசலில் ஸ்லிப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மினோரி ஓடிப்போய்க் குனிந்து வணங்கினாள்.

"கடைசில அப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"தெரியாது மேடம். காலையிலேர்ந்து பின்னாடி எல்லாரும் இதைத்தான் செஞ்சாங்க. முன்னாடியும் செய்வாங்களான்னு பாக்க ஆசையா இருந்துச்சு."

"நான் செய்வேன்னு நினைச்சியா?"

"இல்ல மேடம். உங்களைத் தவிர எல்லாரையும் நினைச்சேன்."

டோனோமுரா தன் கறுப்பு ஷூவுக்குள் காலை விட்டு, குதிகாலை இழுத்துக்கொண்டார். நிதானமாகவே செய்தார். "முப்பது வருஷமா அடுத்தவங்க கண்ணு எங்க போகணும்னு சொல்றதுதான் என் வேலை. இன்னிக்கு என் கை எங்க போச்சுன்னு எனக்கே தெரியல. வயித்தெரிச்சலா இருக்கு, போ." அப்புறம் நிமிர்ந்து, "நவம்பர்ல உங்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றார்.

"ஞாபகம் இருக்கு மேடம்."

"திரும்பக் கேக்கப் போறதில்ல. ஏப்ரல் முதல் வாரம் டோக்கியோவுக்கு வந்துடு. மூட்டை தூக்கற வேலைதான், சொல்லிட்டேன்."

அவர் கார் திரும்பிப் போகிறவரை மினோரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. திங்கட்கிழமை டொயோஹாஷிக்குப் போன் போட்டு, மரியாதையாக, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை நினைத்தபோது பயம் வரவில்லை.

நாற்காலி மடக்கி, டேப் உரித்து, தரை துடைத்து முடிக்க நாலரை ஆயிற்று. வெளியே போக நடைபாதைக் கதவுக்கு வந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு விளக்குக்காரரிடம் ஓடின ஓட்டத்தில் தன் ஷூவை மறுபடி உதறியிருந்தாள், ஒன்று படியிலும் ஒன்று குடை ஸ்டாண்டுக்கு அடியிலுமாகப் போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது இரண்டும் குதிகால் ஒட்டி, மூக்கு வாசலைப் பார்க்க நின்றன. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. காலை நுழைத்துக்கொண்டு நடந்தாள்.